பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

டிசம்பர் 9, செவ்வாய்

மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து கெட்டுப்போன கம்ப்யூட்டரைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் இன்று வந்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே சேறு இன்னும் காயவில்லை. என்ன விலைக்கு வாங்கியது என்று கேட்டார். நாற்பதாயிரம் என்றேன். பில்லும் அதே தண்ணீரில் போய்விட்டது.

"இப்ப இன்னா வெல பெறும்னு நான்தாம்மா போடணும். பழைய போட்டோ எதுனா இருந்தா அனுப்பு, நல்லா இருந்துச்சுன்னு தெரியும்ல," என்றார். கிளம்பும்போதுதான், "வீட்டு உபயோகத்துக்குத்தானே? தொழிலுக்குன்னா இந்தப் பாலிசில வராது," என்றார்.

"பையன் படிக்கிறதுக்கு சார்," என்று சொல்லிவிட்டேன்.

பையன் அதைத் தொட்டு ஆறு மாதம் இருக்கும். கும்மிடிப்பூண்டி கான்ட்ராக்டருக்கு அதில் சம்பள ஷீட் அடித்துக் கொடுப்பது நான். இந்த மாத ஷீட் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் முழுக்கத் தேடியதில் போனில் ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. கம்ப்யூட்டர் புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. அந்த சந்தோஷத்தில் உடனே சர்வேயருக்கு அனுப்பிவிட்டேன்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "இன்னா, ஆயுத பூஜைல எடுத்தத அனுப்பிக்கிற?"

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் கான்ட்ராக்டரின் அட்டெண்டன்ஸ் நோட்டுகள். அவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூப்போட்டது நானேதான்.

அழித்துவிடலாம் என்று போனைப் பிடுங்கினேன். இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. கீழே சர்வேயர் ஒரு வரி அனுப்பியிருந்தார்.

"பையன் இன்னா படிக்கிறாரும்மா?"