கப்பல்காரர் வீடு

ஆவணி 6, வெள்ளி.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குக் கப்பல்காரர் வீடு என்று பெயர். கொள்ளுத் தாத்தாவின் அப்பா பட்டு விற்கக் கப்பலேறிப் போனாராம். எந்த ஊருக்கு என்று அறியத்தான் ஆவணக் காப்பகத்தில் மனுக் கொடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

இன்று நகல் வந்தது. அவர் பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் சரி. ஆனால் அது கைதிகள் பதிவேடு. கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை, அந்தமான். யாரைக் கொன்றார், எதற்கு என்று ஒரு வரி இல்லை. இந்த வீட்டை முதன்முதலில் கப்பல்காரர் வீடு என்று அழைத்தவன் மரியாதையாகச் சொன்னானா, குத்திக்காட்டினானா?

மகளின் கல்யாணப் பத்திரிகை நாளை அச்சுக்குப் போகிறது. அதில் என் பெயருக்கு முன்னால் 'கப்பல்காரர் வீட்டு' என்று இருக்கிறது. நகலைப் பற்றி மூச்சு விடாமல், அதை எடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னாங்க பேசுறீங்க? அந்தப் பேரப் பாத்துத்தான் சம்பந்தி வூட்ல சரின்னாங்க. அத எடுத்தா நம்ம மானம் கப்பலேறிடும்."

சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிப்பு என்று கேட்டாள். அது ஏறி நாலு தலைமுறை ஆகிறது என்று எப்படிச் சொல்வேன்?