கேட்கக் கூடாதென்று தள்ளி நின்ற மாமிக்கு

என் பிரியமுள்ள ரோஸ்லெட் மாமி,

நீங்கள் போன பிறகு இப்போதுதான் உங்களோடு உட்கார்ந்து பேச வாய்க்கிறது. சுகமாக இருக்கிறீர்களா? அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் உண்டா? இல்லாவிட்டாலும் இதற்குள் யாரையாவது பிடித்திருப்பீர்கள். கருங்கல் சந்தைக்கு மீன் வாங்கப் போனால், மீன் கெட்டுப்போகும் வரை வழியில் பேசிக்கொண்டு வருகிறவர் அல்லவா நீங்கள்!

நான் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறேன். விடுதிக் குழம்பில் தேங்காய் என்பது பேருக்குத்தான். ஆனால் உறக்கம் வருகிறது மாமி. படுத்ததும் வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மா இறந்து, சில வருடம் குழந்தைகள் இல்லத்தில் இருந்து, வளர்ப்புப் பராமரிப்பில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. இரவெல்லாம் முழித்துக் கிடப்பேன். வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேச ஒரு மனநலக் கவுன்சிலர் அக்காவை இல்லத்திலிருந்து ஏற்பாடு செய்தார்கள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான் அவர் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார். "இல்ல" என்பேன். அடுக்களைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் தொங்கியது. அந்தப் பக்கம் நீங்கள் உள்ளி உரித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் அழுதது உங்கள் காதில் விழுந்தது. உங்களால் தாங்க முடியவில்லை. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி, நான் உறங்காததையும், அம்மாவைக் கனவில் கண்டு அலறுவதையும் சொல்லி, எல்லாரும் எனக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். அன்பில் செய்ததுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் சித்தி என் கன்னத்தைத் தடவி, "மக்களே, இப்பமும் அம்மை கனவில வாறாளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

அந்த வாரம் அக்காவிடம் "எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன்.

"ஏன் மக்களே, அந்த அக்காகிட்ட ஒண்ணும் பேசல்லியா?" என்று கேட்டீர்கள்.

"பேசினா ஊருக்கே தெரியும்லா" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. உங்கள் முகம் சுருங்கிப்போனது. பிறகு, "எனக்க வாய் ஓட்ட வாயாக்கும் பிள்ள. காதில விழுந்தா வாயில தங்காது. அப்பம் காதில விழாம இருக்கதுக்குத்தான் வழி பாக்கணும்" என்றீர்கள்.

சீக்கிரமே ஆசாரியைக் கூட்டிவந்து, திரை இருந்த இடத்தில் கதவு போட்டீர்கள். உள்பக்கம் தாழ்ப்பாளும் வைத்தீர்கள். "வயசுப்பிள்ள கதவ அடச்சிட்டு போன்ல பேசுகா, நீ கேக்க மாட்டியா?" என்று ஜாய்ஸ் சித்தி வந்து நின்றார். "அது அவளுக்க காரியம்" என்றீர்கள். உங்கள் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுருக்கமாக நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

கதவும் போதாது என்று, நான் பேசும் நேரத்தில் வீட்டை விட்டே இறங்கிப் பின்பக்கத் தென்னை விளைக்குப் போய்விடுவீர்கள். யாராவது வந்தால் அங்கேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவீர்கள். திரும்பி வந்து ஒருநாளும் "என்ன பேசின?" என்று கேட்டதில்லை. எப்படி அடக்கினீர்கள் மாமி?

எனக்கு உறக்கம் திரும்பியது அப்படித்தான். இப்போது விடுதியில் என் அறைத்தோழி போனில் அழத் தொடங்கினால், தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று சொல்லி நான் வெளியே போய்விடுகிறேன். பாட்டிலில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்.

அன்று நீங்கள் கேட்காமல் விட்டதில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நல்ல மழை நாள் அது. "அந்த வீட்ல உனக்கு ரொம்ப நெருக்கம் யாரு?" என்று அக்கா கேட்டார். "எங்க அம்மை" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "இறந்துபோன அம்மாவா?" என்றார்.

"இல்லக்கா. வெளிய குடை பிடிச்சிட்டு நிக்குதாங்க" என்றேன்.

ஜன்னல் வழியாக உங்கள் முதுகு தெரிந்தது. உங்களை நேரில் அப்படிக் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டால், பெற்றவளை அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் போய்விடுமே என்ற பயம். அதையும் அக்காவிடம் பேசிப் பேசித்தான் கரைத்தேன். கரைந்து முடிவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பீர்கள்! எனக்காக, அது காதில் விழாத தூரத்தில் போய் நின்றீர்களே.

தூரத்தில் நீங்கள் நின்றதால்தான் அந்த வார்த்தை எனக்கு வாயில் வந்தது. அதற்கு நன்றி. இனி யார் கேட்டாலும் எனக்கு அம்மை இரண்டு பேர் என்று சொல்லுவேன். ஊரே கேட்கட்டும்.

உங்கள் மகள்
அபிஷா