அந்த டொக்டர் ஆர் என்று கேட்டீர்களே

ஸ்காபரோ,
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பின் பாலேஸ்வரி அக்காவுக்கு,

தங்கை அருள்நாயகி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். லண்டனில் நீங்களும் அத்தானும் கல்யாணப் பெண் நிலக்சியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போன் இருக்க இவள் ஏன் தாளும் பேனையுமாக இருக்கிறாள் என்று யோசிப்பீர்கள். போனிலே நான் ஒன்று சொல்ல நீங்கள் நாலு சொல்வீர்கள். கடிதத்திலே குறுக்கே விழ முடியாது. அடுத்த வீட்டு வேரோனிக்கா அங்கே வருகிறா. நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை ஒரே போன் கோலிலே இரண்டு கதை கதைத்தீர்கள். முதலாவது, ஆவணியில் நிலக்சியின் கல்யாணத்துக்கு நானும் இவரும் வந்தால் போதும், தம்பி வாகீசனைக் கூட்டி வர வேண்டாம் என்றது. "அவனுக்கு அலைச்சல் கூடாதடி" என்றீர்கள். இரண்டாவது, வாட்ஸப்பில் சுற்றுகிற எங்கள் ஊர்க் குறும்படத்தைப் பார்த்துவிட்டு, "அதிலை டொக்டரா வாறவர் ஆரடி? முகத்தைப் பாத்தாலே மனம் ஆறுது. எங்கடை ஐயாவின்ரை சாயலும் கிடக்கு" என்று கேட்டது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்தேன். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து இப்போது பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த "அலைச்சல்". பஸ் பிந்தினால் எங்களுக்கு விசர் வரும். கறிக்கு உப்புக் கூடினால் விசர் வரும். இவர் ரிமோட்டை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும்போதெல்லாம் எனக்கு முழு விசர் வரும். பைத்தியத்துக்கு நாங்கள் சொல்கிற அந்தச் சொல் நாள் முழுக்க எங்கள் வாயிலே கிடந்து உருளுகிறது. உண்மையாக மனநோய் வருத்தம் வந்து, ஒழுங்காகக் குளிசை எடுத்து, பேக்கரி வேலைக்கும் போய்வருகிற தம்பியைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அது "அலைச்சல்" ஆகிவிடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் அவனைக் கடைசியாகக் கண்டது இங்கே ஆசுபத்திரியில், தாடியும் மருந்துக்கு ஊதிய முகமுமாக, ஆரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு இருந்த நேரம். அன்று நீங்கள் அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருடம் போய்விட்டது அக்கா. தாடியும் போய்விட்டது.

இனிப் படக் கதைக்கு வாறேன். வேரோனிக்காவின் மகன் நிதுசனுக்கு வங்கியிலே நல்ல வேலை. சனி, ஞாயிறில் படம் எடுக்கிற வருத்தம். இந்த முறை எடுத்தது ஒரு மனநோயாளியின் கதை. நோயாளி வேடத்துக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரிவு செய்தான். ஏன் இவர் என்று நான் கேட்கவில்லை, எனக்கே தெரியும். இவருக்கோ தலைகால் புரியவில்லை. குளியலறையில் நின்று பேய்ச் சிரிப்புச் சிரித்துப் பழகினார். மற்றப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, ஆம்புலன்சுக்கு அடிக்கட்டோ என்று கேட்டாள். நிதுசன் "அங்கிள், இன்னும் மெண்டலா, இன்னும் மெண்டலா" என்று ஏற்றிவிட்டான். தலையிலே கோதுமை மா, வெறும் மேல், கழுத்திலே ரை, காலிலே நாய்ச் சங்கிலி. படங்களில் அப்படித்தானே வருகிறார்கள். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இவர் தம்பியிடமே கேட்டுவிட்டார், "வாகீசா, நீ சுகமில்லாமல் கிடந்த நேரம் எப்பிடிச் சிரிச்சனி?" என்று. கையிலிருந்த அகப்பையால் ஒன்று போட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. தம்பி கோபிக்கவில்லை. "நான் சிரிக்கேல்லை அத்தான். கதிரையிலை இருந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். சரியான பயமா இருந்தது" என்றான். இவர் யோசித்துவிட்டு, "உந்தக் கதையை ஆர் காசு குடுத்துப் பாக்கிறது?" என்றார். தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

படப்பிடிப்பு வேரோனிக்கா வீட்டு பேஸ்மென்ரில் நடந்தது. டொக்டராக நடிக்க வேண்டியவர் வீடு விற்கிற ஏஜன்ட். பிறம்ரனில் ஆரோ வீடு பார்க்க வருகிறார்கள் என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். வெள்ளைக் கோட்டு கதிரையிலே அநாதையாகத் தொங்கியது. அந்த நேரம் பார்த்து, நான் பொரித்த றோல்ஸ் தட்டோடு தம்பி படியிறங்கி வந்தான். வழித்த முகம், வாரிய தலை, மூக்குக் கண்ணாடி. நிதுசன் துள்ளி எழும்பி, "ஓ மை கோட் அங்கிள், நீங்கள் அப்பிடியே டொக்டர்! ஒரு சீன்தான், பிளீஸ்" என்றான். அவனுக்குத் தம்பியின் வருத்தம் தெரியாது. நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், தலையை ஆட்டினேன். தம்பி தட்டை என் கையில் தந்துவிட்டுக் கோட்டைப் போட்டான். உண்மையைச் சொன்னால் என்ன, அவன் நடித்து முடியும் மட்டும் நான் கார்ச் சாவியைக் கையிலே பிடித்தபடிதான் நின்றேன். நானும் உங்களோடு பிறந்தவள்தானே.

வசனப்படி டொக்டர் கண்ணாடியைக் கழற்றி, "இவருக்கு ஒரு பெரிய அதிர்ச்சி குடுக்கவேணும், இல்லாட்டிக் கட்டித்தான் வைக்கவேணும்" என்று சொல்ல வேண்டும். தம்பி அதை வாசித்துவிட்டு, டொக்டர்மார் உப்பிடிக் கதைக்கிறேல்லை என்றான். உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள் என்று நிதுசன் கேட்க, "எனக்கு அவையோடை கனகாலப் பழக்கம்" என்றான். எனக்குப் புரையேறிவிட்டது.

பிறகு கமரா ஓடத் தொடங்கியது. இவர் சங்கிலியை இழுத்து இழுத்துச் சிரிக்கிறார், மாவைத் தட்டுகிறார். தம்பி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தான். அவ்வளவுதான். அறுபது கடந்த மனிசன் எவ்வளவு நேரத்துக்குத்தான் சிரிப்பது? இவருக்கு மூச்சு முட்டி நின்றுவிட்டது. அப்போது தம்பி, "நித்திரை வருதோ? சாப்பிடுறனீங்களோ? இண்டைக்கு ஆரோடையாவது கதைச்சனீங்களோ?" என்று ஆறுதலாகக் கேட்டான். இவருக்கு வசனம் மறந்துபோய்விட்டது. "நித்திரை எங்கை டொக்டர், மனிசி குறட்டை விடுறா" என்றார். அக்கா, குறட்டை விடுவது அவர். அதைத் திருத்த நான் வாயெடுக்க முதல், வேறு ஒரு குரலில் இன்னொன்று சொன்னார். "ஃபக்ரி வேலையாலை நிப்பாட்டினதுக்குப் பிறகு காலமை எழும்பினால் போறதுக்கு ஒரு இடமில்லை டொக்டர். வீட்டிலையும் ஆரும் என்னோடை கதைக்கிறேல்லை. கத்துறதுதான்." நிதுசன் கட் சொல்லவே இல்லை. அந்தக் காட்சியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என்ன கதைப்பதென்று தெரியாமல் மிளகாய்த்தூளைப் பற்றிக் கதைத்தேன். அதையும் மனிசன் ஆசையாகக் கேட்டார்.

இப்போது தம்பியைக் கையில் பிடிக்க முடியாது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது ஆக்கள் வந்து தங்கள் நித்திரைக் கதையைச் சொல்கிறார்கள். அவன் சாம்பார் வாளியைத் தாண்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் டொக்டர் இல்லை. என்னைப் பாக்கிற டொக்டர் நல்லவ, நம்பர் தாறன்" என்கிறான். ஒளிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. வாங்கிக்கொண்டு போனவர்கள் கொஞ்சப் பேர் அல்ல.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. சபை நடுவே எழும்பி மணவறை வாழையைப் பிடுங்குவானோ என்று பார்க்கிறீர்கள். அது படத்தில் வருகிறவன், அக்கா. எங்கள் குடும்பத்திலே கல்யாண வீட்டில் மானம் போனது இரண்டு தரம். ஒன்று, இவர் தவில்காரரிடம் தவிலைப் பறித்து அடித்தது. மற்றது, உங்கள் வீட்டு அத்தான் பந்தியிலே சம்பந்திக்கு அடிக்கப் போனது. இரண்டு பேரும் ஒரு குளிசையும் எடுப்பதில்லை.

இனி நான் சொல்லாமல் விட்டது. அன்றைக்கு நீங்கள் போன் எடுக்கும்போது என் கையெல்லாம் மா. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தம்பி இரண்டு கதையையும் கேட்டான். முதலாவதைக் கேட்டதும் அவன் கையிலே கத்தி நின்றது. ஐயாவின் சாயல் என்றதும் சிரித்தான். நான் போனை வைத்த பிறகு, "அக்காட்டைச் சொல்லிப்போடாதை. அவ அந்த டொக்டரை எண்டாலும் விரும்பட்டும்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாட்டுச் சொல்ல வெங்காயம்கூட உரிக்கவில்லை.

சொல்ல வேண்டாம் என்றான், சொல்லிவிட்டேன். நிலக்சிக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தத் தாய்மாமன் என்று இருப்பது இவன் ஒருவன்தான். பிள்ளை நீடூழி வாழ வேண்டும், அவன் கையாலும் அந்த அரிசி விழ வேண்டும். வேரோனிக்கா திரும்பி வரும்போது அழைப்பிதழ் ஒன்று கொடுத்துவிடுங்கள். என் பெயருக்குப் பின்னால் "குடும்பத்தினர்" என்று ஒட்டி விடாமல், தனி உறையில், உங்கள் கையெழுத்தில். டொக்டர் என்று போட வேண்டாம். தம்பி வாகீசன் என்று எழுதினால் போதும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் தங்கை,
அருள்நாயகி