உன் தைவான் கார்டும் எங்கள் அமெரிக்கா கார்டும்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மடித்து வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். என் அப்பாவிடம் மட்டும் வேண்டவே வேண்டாம். இது என் தோழிக்கு எழுதுவது. அவள் இறந்து மூன்று மாதமாகிறது. இதைப் படிக்க அவள் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இனி உன்னிடம் பேசுகிறேன்.

என் கட்டிலுக்கு அருகே ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. மூடியைத் தூக்கினால் புது கிராஃபிக்ஸ் கார்டின் வாசனை வருகிறது, லேசாகச் சூடான பிளாஸ்டிக் போல. பிடோக்கில் உங்கள் வீட்டில், உன் அண்ணன் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டும் மேசையைச் சுற்றி அடிக்குமே, அதே வாசனை. அவர் திட்டத் திட்ட, நீ தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு கார்டை விசிறி போல ஆட்டிக்கொண்டிருப்பாய். "அது திரையில படம் வரையற சாமான், உனக்குக் காத்து வாங்கவா?" என்பார். நீ இன்னும் வேகமாக ஆட்டுவாய்.

பள்ளியில் கம்ப்யூட்டர் மன்றத்தில் இந்த வருஷ ஆரம்பத்திலிருந்தே ஒரே சண்டைதான், ஞாபகமிருக்கிறதா? எந்த கார்டு நல்லது? பாதிப் பேர் அமெரிக்கா கட்சி, பாதிப் பேர் தைவான் கட்சி. அமெரிக்கா கார்டு தடித்த புத்தகத்தோடு பளபளப்பான பெட்டியில் வரும். தைவான் கார்டு பழுப்புப் பெட்டியில், ஜெராக்ஸ் எடுத்த ஒற்றைத் தாளோடு வரும். விலை பாதி. ரோச்சோர் கால்வாய்ப் பக்கத்துக் கடைத்தொகுதியில் அப்பா அமெரிக்கா கார்டு விற்றார். எதிர்க்கடை லிம் தைவான் கார்டு விற்றார். நகரும் மின்படியில் ஏறி வருகிறவர்களை இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள். நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

உன் அண்ணன் பூட்டிய கம்ப்யூட்டரை நீ மன்றத்துக்குக் கொண்டுவந்த அன்று எல்லார் முன்னாலும் நான்தான் ஆரம்பித்தேன்.

"போலி கார்டை வச்சுக்கிட்டு என்னடி இவ்வளவு பெருமை?"

"போலியா? டப்பாவுல தைவான்னு பெருசா போட்டிருக்கு லா. பொய் சொன்னாதான் போலி."

பிறகு உன் கம்ப்யூட்டரிலும், அமெரிக்கா கார்டு இருந்த மன்றத்துக் கம்ப்யூட்டரிலும் ஒரே நிரலை ஓட்டி வட்டம் வரைய வைத்தாய். இரண்டு திரையிலும் வட்டம் நீண்டு, முட்டையாக வந்தது. நீ கை தட்டி என்னைக் கூப்பிட்டாய்.

"ஏய் மலரு, இங்க வாயேன்! உங்க அமெரிக்காக்காரனும் முட்டைதான் போடுறான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் திரையில் எந்த கார்டு வரைந்தாலும் அப்படித்தான் வரும் என்று நீயே அப்புறம் விளக்கினாய். நான் காதில் வாங்கவில்லை. இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. உன் இதயத்தில் பிறவியிலேயே குறை இருந்தது எனக்குத் தெரியும். ஜூன் விடுமுறையில் அறுவை சிகிச்சை என்பதும் தெரியும். இரண்டு வாரம் என்பது பெரிய காலம் என்றுதான் தெரியவில்லை.

மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தேன். உன் அம்மா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு எனக்கு நாற்காலியைத் தந்தார். "சண்டை போட வந்தியா? முதல்ல பழத்தை உரி" என்றாய். பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கப்போவதைச் சொன்னேன். "வாங்குற அன்னைக்கு என்னைக் கூப்பிடு. மூடியைத் திறந்து பாத்துட்டுதான் வாங்கணும். உங்க அப்பா கடைன்னாலும் விடமாட்டேன் லா." நான் தலையாட்டினேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன மாதம் அப்பா இந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு கட்டு லேபிள். உள்ளே பத்து கார்டுகள். ஒவ்வொன்றின் பச்சைப் பலகை ஓரத்திலும் வெள்ளை எழுத்தில் செய்தவர்களின் பெயர் இருந்தது. உன் அண்ணனின் கார்டில் நீ எனக்குக் காட்டிய அதே தைவான் பெயர்.

"அப்பா, இது லிம் கடையில விக்கிறது இல்லையா?"

அப்பா லேபிள் கட்டைப் பிரித்தார். "கார்டு நல்ல கார்டுதாம்மா. பேரை மட்டும்தான் மாத்துறோம். ஜனங்க பேரைத்தானே வாங்குறாங்க?"

கடைசியாக ஓர் அமெரிக்கா கார்டு விற்று எட்டு மாதமாகிறதாம். லிம் விலையைக் குறைக்கக் குறைக்க அப்பாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்கா கார்டுடையது போலவே பெட்டியும் புத்தகமும் எங்கோ அச்சடித்து வாங்கியிருக்கிறார். வெள்ளை எழுத்தை மறைத்து அமெரிக்கா பெயர் போட்ட லேபிளை ஒட்ட வேண்டியது நான். "நீ ஒட்டினா கோணாம இருக்கும்மா, அப்பாவுக்காக ஒட்டிக் குடும்மா" என்றார். அவர் அடித்து மிரட்டியிருந்தால் எதிர்த்திருப்பேனோ என்னவோ. கெஞ்சினார். நான் ஒட்டினேன். பத்தும் நேராக ஒட்டினேன்.

அப்போதிலிருந்து இந்த ஃபேரர் பார்க் வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது. கூடத்தில் அப்பா, சமையலறையில் அம்மா, அறையில் பெட்டி. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்பா சொல்றதைச் செய்டி. கடை போச்சுன்னா நாம எங்க போறது?" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். பாத்திரம் கழுவும் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை.

பள்ளியின் பத்து கம்ப்யூட்டருக்கும் யாரிடம் கார்டு வாங்குவது என்று முடிவு செய்ய, நாளைக் காலை அப்பாவும் லிம்மும் கார்டுகளோடு பள்ளிக்கு வருகிறார்கள். நம் மன்ற ஆசிரியை திருமதி கோ நேற்று என்னைத் தனியாக அழைத்தார். "உன் அப்பாவின் கடை என்பதால் முடிவை நான்தான் எடுப்பேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்பேன், அவர் கார்டு அசல்தானா என்று. நீ சொன்னால் நம்புவேன்" என்றார். அப்பாவுக்கும் இது தெரியும். இரவுச் சாப்பாட்டின்போது மீன் துண்டை என் தட்டில் வைத்துக்கொண்டே, "ஆமான்னு ஒரு வார்த்தைதாம்மா" என்றார்.

ஆமாம் என்றால் உன் கார்டைப் போலி என்று எல்லார் முன்னாலும் சொன்னவள், இப்போது தெரிந்தே பொய் சொல்கிறவள் ஆவேன். இல்லை என்றால் அப்பாவைப் போலீஸ் பிடிக்குமா? எனக்குத் தெரியவில்லை. லிம் கடைத்தொகுதி முழுக்கச் சொல்வார். அப்பா அந்த மின்படியில் மறுபடி ஏற முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். நீ இருந்திருந்தால் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றிருப்பாய். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. திறந்து பார்த்தவளுக்குப் பார்க்கவில்லை என்று சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

அதனால் சற்று முன் மேலே இருந்த கார்டிலிருந்து லேபிளை உரித்தேன். நகம் கிழிந்தது. உரிக்கும்போது லேபிளும் கிழிந்துவிட்டது, இனி திரும்ப ஒட்ட முடியாது. வெள்ளை எழுத்து ஒன்றுவிடாமல் தெரிகிறது. மற்ற ஒன்பதையும் விடிவதற்குள்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா. "மலரு, தூங்கிட்டியாம்மா? பெட்டியை எடுத்து வாசல்ல வச்சிடலாம்னு வந்தேன்."

விளக்கை அணைக்கவில்லை. பெட்டி திறந்தே இருக்கிறது. தூங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உள்ளே வாங்கப்பா என்றும்