இரண்டு கட்டிலுக்கு ஒரு சிலிண்டர்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
1944, மாசி மாதக் கடைசி.

தூர தேசத்துப் பட்டாளத்தில் இருக்கும் அன்புள்ள அண்ணன் அந்தோணிசாமிக்கு, தங்கை சவுரியம்மாள் சர்வேசுரனை வேண்டிக்கொண்டு எழுதுவது.

முதலில் இந்த நாலு வரியைப் படித்துவிட்டு அப்புறம் மற்றதைப் படி. அண்ணி பூமாலை நன்றாக இருக்கிறாள். உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதுவும் நன்றாக இருக்கிறது. அம்மாவுக்குக் கால் வலி போன இடம் தெரியவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடக்கிறாள். இதைப் பிரித்துப் பார்க்கிற சென்சார் ஐயாவும் சந்தோஷப்படட்டும்.

இனி நடந்ததை எழுதுகிறேன். நடுவில் பயமாக இருந்தால் மேலே போய் அந்த நாலு வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்.

மார்கழியில் இங்கே புதிதாக ஒரு காய்ச்சல் கிளம்பியது. முதலில் விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டர்களுக்கும் டீ விற்கிறவர்களுக்கும் வந்தது. பொங்கலுக்குள் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் கடலை உடைக்கிறவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டே வார்டுதான். பெரிய டாக்டர் சக்கரபாணி ஐயா, உதவி டாக்டராக நான், இரண்டு நர்ஸ். கட்டில் நிறைந்து, தரையில் பாய் போட்டோம். பிறகு வராந்தாவிலும் போட்டோம்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். முதலில் தலைவலி, மேல் எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. அப்புறம் சளியே வராத வறட்டு இருமல். சாதாரண நிமோனியா என்றால் குளிர் நடுக்கத்தோடு திடீரென்று வரும், துருப்பிடித்த நிறத்தில் சளி வரும், முதுகில் தட்டினால் மரப்பலகையைத் தட்டுவது போலக் கேட்கும். இவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தட்டினாலும் சத்தம் நன்றாகவே இருக்கும், குழல் வைத்துக் கேட்டாலும் பெரிதாக ஒன்றும் கேட்காது. ஆனால் மூச்சு மட்டும் ஓடி வந்தவர்களைப் போல வாங்கும். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது வாரத்தில் தானாகவே தேறி எழுந்து கஞ்சி கேட்டார்கள். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் மட்டும், தேறுகிற நேரத்தில் திடீரென்று உதடு நீலம் பாரித்து விழுந்தார்கள்.

விக்கிரவாண்டியிலிருந்து வந்த வீரம்மாள் அப்படித்தான் போனாள். காலையில் என்னிடம் தன் பசுமாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு வெட்டி வெட்டி வந்ததை நான் கவனித்தேன், ஆனால் அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. மத்தியானம் அவள் இல்லை. எல்லோருக்கும் கொடுத்த சல்ஃபா மாத்திரையை அவளுக்கும் கொடுத்திருந்தோம். அது வாந்தியைத் தவிர வேறு எதையும் கொண்டுவரவில்லை.

அன்றைக்குச் சக்கரபாணி ஐயாவிடம் போய், இது நமக்குத் தெரிந்த நிமோனியா இல்லை, மைக்ராஸ்கோப்பில் கூடப் படாத வைரஸ் என்கிறார்களே, அப்படி ஏதாவது இருக்கும் என்று சொன்னேன். அவர் தானே எழுந்து வார்டுக்கு வந்து, ஒவ்வொரு முதுகாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “நீ சொல்றது சரிதாம்மா. இத்தினி வருஷமா நான் கேட்டுக்கினு வந்த சத்தம் இது இல்ல. மாத்திரையை நிறுத்திடு. இனிமே என்னா பண்ணலாம்னு ரெண்டு பேரும் யோசிப்போம்” என்றார்.

யோசித்து ஒரு வழி பிடித்தோம். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தோம். நோயாளிகளைச் சாய்த்து உட்கார வைத்தோம். கேப்பைக் கஞ்சியும் வெந்நீரும் விடாமல் கொடுத்தோம். ஒவ்வொருவரையும் ஊர்ப் பேரும் பிள்ளைகள் பேரும் ஒரே மூச்சில் சொல்லச் சொன்னோம். நேற்று சொல்லி முடித்தவர் இன்று நடுவில் நின்றால், அவரை எங்கள் மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றிவிடுவோம். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, அண்ணே. ஆனால் யார் விழப்போகிறார்கள் என்று விழுவதற்கு முன்பே தெரிந்தது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அம்மா மாட்டுவண்டியில் பூமாலையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். மண்டியில் மல்லாட்டை உடைக்கப் போய் இருமலை வாங்கிக்கொண்டு, நான் திட்டுவேன் என்று வீட்டிலேயே மறைத்து வைத்திருக்கிறாள். “எனக்கு ஒண்ணும் இல்ல சவுரி, அத்தைதான் பேஜார் பண்ணி இட்டுக்கினு வந்துட்டாங்க” என்று சொல்ல ஆரம்பித்தாள். “எனக்கு ஒண்ணும்” என்பதோடு நின்றுவிட்டது. மீதியைச் சொல்ல மூச்சு வாங்கிக்கொண்டாள். அவள் உதட்டைப் பார்த்தேன். உடனே எங்கள் மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன்.

மெட்ராஸில் படித்தபோது, இப்படி நீலம் பாரித்த ஒருவரை ஆக்சிஜன் கொடுத்துத் திருப்பியதைப் பார்த்திருக்கிறேன். மெட்ராஸிலிருந்து அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்போதுதான் உன் சிநேகிதர் விருத்தாசலம் அண்ணன் ஞாபகம் வந்தது. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருக்கிறாரே. இரும்பை வெட்ட அங்கே சிலிண்டரில் வைத்திருப்பதும் அதே ஆக்சிஜன்தான். சீட்டு எழுதி அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, பூமாலையைச் சக்கரபாணி ஐயா கையில் விட்டுவிட்டு, வந்து நின்ற பாசஞ்சரில் நானே ஏறிவிட்டேன்.

ஷெட் ஃபோர்மேன் பாண்டுரங்கன் கரி படிந்த முகத்தோடு வெளியே வந்தார். யுத்த காலம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணக்கு சொல்ல வேண்டும் என்றார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இரும்பு நாளைக்கி கூட வெட்டிக்கலாம். எதுனா கேட்டா நான் சொல்லிக்கிறேன். எடுத்துக்கினு போங்கம்மா” என்று அவரே கையெழுத்துப் போட்டார். விருத்தாசலம் அண்ணன் ரெகுலேட்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு திரும்புகிற ரயிலின் கார்டு பெட்டியில் ஏறினார். திண்டிவனத்தில் இறங்கி, மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த வண்டி ஒன்றில் மூட்டைகளுக்கு நடுவே சிலிண்டரைப் படுக்க வைத்தோம். வண்டிக்காரர் அதை வெடிகுண்டு என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் மாட்டை அதட்டவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வில்வண்டி நின்றிருந்தது. நம் அப்பா காலமெல்லாம் ஏர் ஓட்டினாரே, அந்தப் பண்ணையின் வண்டி. சுப்பராயலு ஐயாவைக் கொண்டுவந்திருந்தார்கள். அதே இருமல், அதே நீலம். அவர் மகன் பெரியதம்பி சிலிண்டரைப் பார்த்ததும், “எங்க அப்பாவுக்கு வைங்க ஜல்தியா. அந்தப் பொம்பளைக்கி வேற ஒண்ணு வரவழைச்சிக்கலாம்” என்றார். அந்தப் பொம்பளை யாரென்று அவருக்குத் தெரியாது. வேறொன்று வர மறுநாள் ஆகும் என்று சக்கரபாணி ஐயா சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். இருப்பது ஒரு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், காற்று வர அதில் ஒரே வாய்.

அண்ணே, நான் பாஸ் பண்ணியபோது நீ வாங்கிக் கொடுத்த ஸ்டெதாஸ்கோப் என் கழுத்தில்தான் இருந்தது. அதன் நடுவில் ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கிற கவைக்குச்சி மாதிரி உலோகத் துண்டு இருக்கும். கையில் அது பட்டதுமே கத்திரிக்கோலை எடுத்து ரப்பரை அறுத்தேன். நர்ஸம்மா அலறிவிட்டாள். கோபித்துக்கொள்ளாதே. நீ அங்கே இருந்திருந்தால் நீயே அறுத்துக் கொடுத்திருப்பாய்.

சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஒரு குழாய், பாட்டிலிலிருந்து அந்தக் கவைக்கு ஒன்று, கவையிலிருந்து இரண்டு. ஒன்று பூமாலை மூக்குக்கு, ஒன்று சுப்பராயலு ஐயா மூக்குக்கு. குழாய் எட்டுவதற்காக இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போடச் சொன்னேன். பூமாலை பக்கத்தில் நின்ற அம்மாவைப் பெரியதம்பி அப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டார், முகம் மாறியது. “எங்க அப்பா கட்டிலை அவங்க கட்டிலாண்டயா போடறீங்க?” என்று கேட்டார். “குழாய் இவ்ளோதாங்க நீளம்” என்றேன். அவர் தன் அப்பாவின் உதட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டிலின் ஒரு பக்கத்தை அவரே பிடித்து இழுத்தார்.

விருத்தாசலம் அண்ணன் எண்ணெய், பீடி, அரிக்கேன் விளக்கு எதையும் கிட்டே விடாமல் எல்லோரையும் விரட்டிவிட்டு ரெகுலேட்டரைத் திருகினார். பாட்டிலில் தண்ணீர் கொப்புளித்தது. ஒரு பக்கம் அதிகமாகப் போனால் அந்தப் பக்கத்துக் குழாயை நான் விரலால் கொஞ்சம் அழுத்துவேன். பூமாலையின் நகத்தைப் பார்ப்பேன், திரும்பி அவர் நகத்தைப் பார்ப்பேன். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவள் நகத்தின் அடியில், துணியில் குங்குமம் ஒட்டியது போல லேசாக ஒரு சிவப்பு வந்தது. நான் பார்க்கிறேனா, ஆசைப்படுகிறேனா என்று சந்தேகம். சக்கரபாணி ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, “வந்துடுச்சிம்மா” என்றார். பக்கத்துக் கட்டிலிலும் வந்தது. அவள் வயிற்றில் கை வைத்தேன். உன் மகள் உள்ளேயிருந்து என் கையை உதைத்தாள்.

பாண்டுரங்கன் ஃபோர்மேன் நாங்கள் கேட்காமலேயே மறுநாள் இன்னொரு சிலிண்டரும், அதற்கு அடுத்து ஒன்றும் அனுப்பினார். அவை பிறகு வந்தவர்களுக்கும் உதவின. இந்தக் காய்ச்சலோடு எங்களிடம் படுத்தவர்கள் ஐம்பது பேருக்கு மேல். வீரம்மாளையும், வரும்போதே நினைவில்லாமல் வந்த ஒரு பெரியவரையும் இழந்தோம். மற்ற அத்தனை பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

சுப்பராயலு ஐயாவுக்குப் பேச்சு வந்ததும், பக்கத்தில் யாரென்று கேட்டார். உங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியவரின் மருமகள் என்று நானே சொன்னேன். என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அவரை அழைத்துப்போக வில்வண்டி வந்த நாளில், “அந்தப் பொண்ணு புள்ளைத்தாச்சி, நடக்கக் கூடாது. மொதல்ல அவங்களை வூட்ல வுட்டுட்டு வா, நான் குந்திக்கினு இருக்கேன்” என்று பெரியதம்பியிடம் சொன்னார். பெரியதம்பியும் மறுபேச்சில்லாமல் ஓட்டிக்கொண்டு போனார். மெத்தை போட்ட அந்த வண்டி, சலங்கை ஒலிக்க, இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத நம் தெருவுக்குள்ளேயே வந்து, நம் வாசலில் நின்றது. மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட அவ்வளவு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. பூமாலை இறங்கும்போது அம்மா ஆரத்தி எடுக்கப் போய், அழுகையில் தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

இன்னொன்று. போன வாரம் விழுப்புரத்தில் ஜில்லா டாக்டர்கள் கூடினார்கள். இந்தக் காய்ச்சலைப் பற்றிச் சக்கரபாணி ஐயா பேசுவார் என்று போட்டிருந்தது. அவர் எழுந்து, “இதைப் பார்த்தவங்க இவங்க, இவங்களே பேசட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து முன்னால் போய் நின்றேன். யாருக்கு வருகிறது, எப்படி ஆரம்பிக்கிறது, குழலில் எது கேட்கிறது, எது கேட்பதில்லை, யார் விழுகிறார்கள், விழுமுன் பேச்சு எப்படி அறுபடுகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். வீரம்மாளைப் பற்றியும் சொன்னேன். பெரிய பெரிய டாக்டர்கள் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கள்ளக்குறிச்சியிலும் இதே நோய் வந்திருக்கிறதாம். அங்கிருந்து வந்த டாக்டர் நான் சொன்னதை முழுக்க எழுதிக்கொண்டு, முதல் வண்டியிலேயே திரும்பினார். நேற்று அவரிடமிருந்து தந்தி வந்தது. மூன்று பேர் பிழைத்துக்கொண்டார்கள் என்று.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் நீ என்னிடம் கேட்காதே. அந்தக் கவைத் துண்டு என் கழுத்தில் இல்லாமல் போயிருந்தால் குழாயை யாருக்கு வைத்திருப்பேன் என்று. அம்மாவும் கேட்கவில்லை, பூமாலையும் கேட்கவில்லை.

ஐப்பசிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கப்பல் தாமதம் என்று தபால்காரர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். மாசி பிறந்ததும் பிறந்த உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவாமியார் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். அப்பன்தான் பேர் வைக்க வேண்டும் என்று பூமாலை ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். அவளுடைய நம்பிக்கையைப் பார்த்து நானும் சுவாமியாரிடம் தவணை வாங்கிக்கொண்டு வருகிறேன். நல்ல பேராக ஒன்று எழுதி அனுப்பு, அண்ணே. பேர் தோன்றாவிட்டால் வெறும் காகிதத்தில் உன் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு. அது போதும்.

தேவமாதா உன் தலைமாட்டில் இருந்து காக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
சவுரியம்மாள்