வாசலில் கழற்றிய சப்பாத்து

கிரவீன்
யூலை 22

அன்பு மகள் நிரூபாவுக்கு அம்மா எழுதுவது. ரொறன்ரோவில் நீயும் மருமகன் இந்திரகுமாரும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவின் வலது காலுக்குச் சுகமில்லை. பயப்படாதே என்று எழுதவும் முடியவில்லை, நானே நாலு நாளாக அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ பதிவு செய்து தந்த பனி நடைக்குப் போன சனிக்கிழமை போனோம். அங்கே உங்களுக்கு வெயில், இங்கே யூலைதான் பனிக்காலம். ஜிண்டபைன் ஊருக்கு மேலே மலையில் சப்பாத்துக்கு அடியில் தட்டு மாதிரி அகலமான ஒன்றைக் கட்டிவிட்டார்கள், பனியில் புதையாமல் நடக்கவாம். எங்கு பார்த்தாலும் வெள்ளை, நிலம் எது பள்ளம் எது என்று தெரியவில்லை, முருகா முருகா என்றுதான் நடந்தேன். அப்பாதான் சின்னப் பெடியன் மாதிரி வழிகாட்டிப் பெண் கேத்ரினுக்குப் பின்னாலேயே போனார். பாதி வழியில் தேத்தண்ணி குடிக்க ஒரு மரக்குடில். எல்லோரும் தட்டை மட்டும் கழற்றிவிட்டுச் சப்பாத்தோடு உள்ளே போனார்கள். நான்தான் பழக்கதோஷத்தில், மனுசர் இருந்து சாப்பிடுற இடம், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ என்று அப்பாவை அதட்டினேன். இரண்டு சோடியும் வாசலுக்கு வெளியே கிடந்தன. திரும்பி வந்தால் காற்று அவற்றுக்குள் பனியை நிரப்பியிருந்தது. நான் கால் வைத்ததும் கத்திவிட்டேன், கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட்டேன். அப்பா தட்டாமல் அப்படியே மாட்டிக்கொண்டார். அந்தக் காலோடு ஒரு மணித்தியாலம் நடந்தார் பிள்ளை.

கீழே வந்து கழற்றினால் காலுறை நனைந்து, மூன்று விரல்கள் மெழுகு நிறம். நோகுதா என்று கேத்ரின் கேட்க, இல்லை என்று சிரித்தார். சீனி வருத்தம் இருக்கிறதா என்று அவள் கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. நடைக்கு முன் தந்த படிவத்தில், இருக்கிற வருத்தத்தை இல்லை என்று எழுதியிருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்து ஒரு வருடமாம், எனக்கும் சொல்லவில்லை. தேய்க்கக்கூடாது என்று சொல்லி, அந்தக் காலை என் குளிர் ஜக்கெற்றுக்குள் வயிற்றோடு சேர்த்து வைக்கச் சொன்னாள். பத்துப் பேர் பார்க்க வைத்திருந்தேன், வெட்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. உயிரில்லாதவரின் கால் மாதிரி இருந்தது, எழுதவே கை கூசுகிறது.

இரண்டு விரல்களுக்கு நிறம் திரும்பிவிட்டது. சின்ன விரல் தப்புமா என்று வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் சொல்வாராம் டொக்டர். பதிவு செய்து தந்தேனே என்று நீ உன்னை நொந்துகொள்ளாதே, கழற்றச் சொன்னது நான். இன்று காலை அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டேன். சின்ன விரல் என்றார் உடனே, சந்தோசமாக. நான் எதையும் தொடவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் வந்து இதை எழுதுகிறேன், படமெடுத்து அனுப்புவேன், போனில் சொன்னால் அவர் காதில் விழும்.

நீயும் இந்த மாதமே சீனி சோதித்துப் பார், மறக்காதே. அம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள், நீடூழி வாழுங்கள். வெள்ளிக்கிழமை அப்பாவோடு பேசும்போது கால் எப்படி என்று மட்டும் கேட்காதே. அவரை இன்னொரு பொய் சொல்லவைக்க வேண்டாம்.

உன் அம்மா
லோகேஸ்வரி