அது வேற உரிமை

பத்து மணிக்கு மாமா வீட்டார் தங்கள் மகனுக்கு என்னைப் பேசி முடிக்க வருகிறார்கள், நல்ல சேலையாக எடுத்துக் கட்டு என்றது அம்மா. பீரோவைத் திறந்ததும் கஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. மற்ற சேலையெல்லாம் துவைத்துத் துவைத்து வாசம் போனவை. அந்தக் கிளிப்பச்சை மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. உன் சாவுக்கு நான் எடுத்து வந்த கோடித் துணி அது. உன்மேல் போடவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

காலேஜில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நமக்கு மனித உரிமைகளும் கடமைகளும். எல்லா டிபார்ட்மென்ட் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் அடைத்து வைப்பார்கள். பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்போம். பாஸானால் போதும் என்பது சாருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நீ ஒருத்திதான் கிறுக்கச்சி மாதிரி அந்தப் பாடத்தை நம்பிக் கேட்டாய். வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் நெசமாவே சட்டத்துல இருக்காடி என்று என்னைப் போட்டுக் குடைவாய். எனக்கு சீட்டுப் பிடிக்கிற கவலை.

ஒருநாள் சார், உரிமைக்கு ஆளுக்கொரு உதாரணம் சொல்லச் சொன்னார். ஓட்டுப் போடுவது, பேசுவது, படிப்பது என்று வரிசையாக ஒப்பித்தோம். நீ எழுந்தாய்.

"எங்க அயித்த மகனுக்கு எம்மேல இருக்கறது சார்."

ஹாலே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "அது வேற உரிமைம்மா, உக்காரு" என்றார். நீ உட்கார்ந்தாய். என் காதோரம் குனிந்து, "வேற வேறன்னா வார்த்தை மட்டும் ஏன்டி ஒண்ணா இருக்கு?" என்று கேட்டாய். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

நீ கேலிக்குச் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் உன் அப்பாவின் அக்கா, அந்த அயித்தை வந்து, என் தம்பி மகமேல எனக்கில்லாத உரிமையா என்று வெற்றிலை பாக்கை வைத்துவிட்டுப் போயிருந்தது. உன் தாய்மாமன் வேறு, தன் மகனுக்குத்தான் முதல் உரிமை என்று முறுக்கிக்கொண்டு நின்றார். மேலே படிக்கணும் என்று நீ சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. டிகிரி முடித்த கையோடு அயித்தை மகனுக்கே கட்டி வைத்தார்கள். பந்தியில் உன் அப்பா என்னிடம் வந்து, "என் கடமைய முடிச்சிட்டேன்த்தா" என்றார். சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அவன் துபாய்க்குப் போனான். நீ அறந்தாங்கிப் பக்கம் அயித்தை வீட்டில், வயிற்றுப் பிள்ளையோடு. ஒரு காலையில் உதிரம் போக ஆரம்பித்திருக்கிறது. உள்ளூர் டாக்டரம்மா, உடனே புதுக்கோட்டைக்குக் கொண்டு போங்க, ஆபரேஷன் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி?" என்றதாம் அயித்தை. வேலையிடத்தில் அவன் போனை எடுக்க முடியாது. போகலாம், போகலாம் என்று நீ சொல்லிக்கொண்டே கிடந்ததைப் பக்கத்து வீட்டம்மா கேட்டிருக்கிறார். சாயங்காலம் அவன் சரி என்றபோது உனக்குப் பேச்சில்லை. வழியிலேயே போய்விட்டாய், பிள்ளையும்தான்.

நடுவீட்டில் உன்னைக் கிடத்திவிட்டு வாசலில் சண்டை போட்டார்கள், யார் கோடி முதலில் என்று. "உசுரோட இருக்கையில உரிமைய விட்டுக்குடுத்தேன், இப்ப விடமாட்டேன்" என்று உன் தாய்மாமன் துண்டை உதறினார். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஒருத்தருக்கும் இல்லாத உரிமை, துணி போட மட்டும் எல்லாருக்கும் வந்துவிட்டது. நான் பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்தேன். ஒரு பெரியம்மா கையைப் பிடித்து, நீ என்ன முறை ஆத்தா என்று கேட்டது. கூடப் படிச்சவ என்றேன். முறையில்லாதவுக போடக்கூடாது என்று சேலையை என் கையிலேயே திணித்துவிட்டது. எனக்கு வாயே வரவில்லை, வெளியே வந்து பஸ் ஏறினேன்.

இன்றைக்கு வாய் வருகிறது. அந்தச் சேலையைப் பிரித்துக் கட்டிவிட்டேன், மொடமொடவென்று நிற்கிறது. அம்மா பார்த்துப் பதறிப்போய், சாவுக்கு எடுத்ததை எவளாவது கட்டுவாளா, எந்த முறையிலடி இதைக் கட்டுற என்று தலையில் அடித்துக்கொண்டது.

"மூணு வருசம் அவ பக்கத்துல உக்காந்த முறையில" என்றேன்.

மாமா வீட்டார் இன்னும் வரவில்லை. வார்த்தை ஏன் ஒண்ணா இருக்கு என்ற உன் கேள்வியை மட்டும்தான் வைத்திருக்கிறேன். வந்ததும் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். அது வேற உரிமை, உக்காரு என்பார்கள். நான் உட்காரமாட்டேன்டி.